வண்டலூரில் பிறந்த ஒரு காருக்கு எழும்பூரில் இடம் கேட்டு

தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறையின் இயக்குநர் அவர்களுக்கும், எழும்பூர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர்களுக்கும் வணக்கம்.

நான் தாம்பரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. போன மாதம் கல்யாணப் பத்திரிகை வைப்பதற்காகச் சேலையூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் கை கழுவப் போனபோது, பூவரச மரத்தடியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்ட் கார் நிற்பதைப் பார்த்தேன். நான்கு கதவு வண்டி. டயர்களில் காற்று இறங்கி, சக்கரம் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. டிக்கி மேல் பூவரசம் பழங்கள் காய்ந்து கிடந்தன. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. "பையன் காயலான் கடைக்குப் போடச் சொல்றான்மா. எனக்குத்தான் மனசு வரலை" என்றார். தை பிறந்ததும் அந்த இடத்தில் மாடி கட்டப் போகிறார்களாம். அதற்குள் யாராவது எடுத்துக்கொண்டால் காசு வேண்டாம், கொடுத்துவிடுகிறேன் என்கிறார்.

அந்த வண்டியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1851-இல் தொடங்கிய உங்கள் அருங்காட்சியகத்துக்கு வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறேன். அமராவதிச் சிற்பங்களையும் திருவாலங்காட்டு நடராசரையும் காட்டியிருக்கிறேன். அந்தப் பெருமைகளுக்கு நடுவே ஒரு சாதாரணக் காருக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தக் கார் இங்கே, நம் ஊரில் செய்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி 1948-இல் சென்னையில் தொடங்கியது. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரம் அதன் தொழிற்சாலை இருந்தது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்று செய்துகொண்டிருந்தவர்கள் 1961-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது; உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அறுபதுகளின் கடைசியில் நம் ஆட்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்து ஹெரால்டில்கூட அது கிடையாது. 1972-இல் அதையே மாற்றி கெஸல் என்று விட்டார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் கார் நின்று வேன் மட்டும் தொடர்ந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்தது, எடுபடவில்லை. 1988-இல் எல்லாம் முடிந்தது. இன்று அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. தினமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்த மண்ணில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்று அவர்களிடம் சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

அம்பாசடருக்கு வங்காளத்தின் உத்தர்பாரா. பியட்டுக்கு பம்பாயின் குர்லா. நமக்கு வண்டலூர். அன்று நாட்டில் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய கார் என்றால் இந்த மூன்றுதான்.

எங்கள் வீட்டுக்கு ஹெரால்ட் வந்தது 1974-இல். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. குமாஸ்தா வீட்டில் கார் இருப்பது அன்று நடக்காத காரியம். முந்தின வருடம் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை எகிறியதால், கார் வைத்திருந்த சிலர் விற்றுவிட்டு ஸ்கூட்டருக்கு மாறினார்கள். அப்படி ஒருவர் விற்ற 1964 மாடல், இரண்டு கதவு வண்டி, ரூ.6,500-க்கு அப்பாவிடம் வந்தது. அம்மாவின் இரண்டு வளையல்கள் அதில் போயின. நிறம் இளநீலம். நான்காம் வகுப்பு முடித்த நான், தெருமுனையில் அது திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

ஹெரால்டில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதன் பானெட். மற்ற கார்களில் பானெட் என்றால் ஒரு மூடி. ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு, எல்லாம் சேர்ந்த முழு முன்பக்கமே அப்படியே முன்னால் சாய்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கியை விடுவித்து, அப்பா ஒரு மூச்சு இழுத்துத் தூக்குவார். உள்ளே எஞ்சின் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில், கைபனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, அப்பா முன் டயர் மேலேயே முக்காலிபோல உட்கார்ந்துகொள்வார். எதிர் டயரில் அண்ணன். நடுவில் அந்தச் சின்ன எஞ்சின், 948 சி.சி. நான் கீழே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். "பத்துக்குப் பதினொண்ணு" என்றால் எது என்று பத்து வயதில் எனக்குத் தெரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். கார்புரேட்டரை பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அந்தப் பெட்ரோல் வாசனையும், அம்மா திண்ணையில் கொண்டுவந்து வைக்கும் காபி வாசனையும் கலந்து வருவதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கும் பெட்ரோல் பங்க்கில் ஆட்டோ நிற்கும்போது சட்டென்று அந்தத் திண்ணைக்குப் போய்விடுகிறேன்.

அந்த வண்டியை அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஹெரால்டுக்கு அடியில் தாங்கும் இரும்புச் சட்டம் தனி, பாடி தனி. பாடியும் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து கொடுக்க அந்த இங்கிலாந்துக் கம்பெனிக்கு ஆள் கிடைக்காததால் அப்படி வடிவமைத்தார்களாம். அதனால்தான் துண்டுகளை அனுப்பி வெளிநாடுகளில் பூட்டுவதும் சுலபமாக இருந்தது. நம் ஆட்கள் இன்னும் இரண்டு கதவு சேர்க்க முடிந்ததற்கும் அது உதவியிருக்க வேண்டும். ஒரு மாணவனுக்குக் கார் என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பானெட்டைத் தூக்கி வைத்தால் போதும், விளக்கிச் சொல்ல வாத்தியாரே வேண்டாம்.

இன்னொன்று, திருப்பம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் தெரு குறுகல். அம்பாசடரில் வருகிறவர்கள் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், சாக்கடையில் சக்கரம் இறங்காமல் திருப்பப் படாத பாடு படுவார்கள். அப்பா ஒரே சுற்றில் திருப்பிவிடுவார். அப்போது பின்சீட்டில் இருக்கும் எங்களுக்கு வரும் பெருமை இருக்கிறதே!

1977 மே மாதம் சேலத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஏற்காடு போனோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், நான், சித்தி பெண் என்று ஏழு பேர். இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஏற வேண்டுமானால் முன்சீட்டைச் சாய்த்து, குனிந்து, பக்கவாட்டில் நுழைய வேண்டும். பாட்டியை உள்ளே ஏற்றுவதற்குள் வேர்த்துவிடும். ஏறி உட்கார்ந்துவிட்டால் சேலம் வரைக்கும் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிடுவார், ஆனால் திண்டிவனத்திலேயே இறங்கிவிடுவார். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எவர்சில்வர் தூக்கில் இருந்த புளியோதரையை வாழை இலைத் துண்டுகளில் சாப்பிட்டோம். ஏற்காட்டு மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் காலத்தில் எந்தக் காரானாலும் மலை ஏறினால் தண்ணீர் கொதிக்கும். வளைவுக்கு வளைவு அம்பாசடர், பியட், ஹெரால்ட் என்று வண்டிகள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன. அப்பா ரேடியேட்டர் மூடி மேல் ஈரத்துணி போட்டு, கால் திருகு திருகி, ஆவியை விட்டுவிட்டு, மறுபடி கால் திருகு திருகுவார். பக்கத்தில் நின்ற பியட்காரருக்குத் தண்ணீர் போதவில்லை. எங்கள் கேனில் மீதம் இருந்ததை அப்பா கொடுத்தார். அவர்கள் வீட்டுப் பெண் எனக்கு நாரத்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு கொடுத்தாள். பேர் கேட்டுக்கொண்டோம், பிறகு பார்த்ததே இல்லை. ஏற்காட்டு ஏரி எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. அந்த வளைவும், ஊறுகாயின் கசப்பும், வரிசையாக நின்ற கார்களும் அப்படியே இருக்கின்றன.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் விட முடியாது. முந்தின நாளே வண்டியைக் கழுவிவிடுவோம். காலையில் ஸ்டீரிங்கில் சந்தனம், குங்குமம், முன்பக்க பம்பரில் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியில் பொட்டு. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அப்பா சாவியைத் தாத்தா காலடியில் வைத்து எடுத்து, வண்டியை ஒரு அடி முன்னால் நகர்த்துவார். பழம் நசுங்கும் சத்தத்துக்காகத் தெருப் பிள்ளைகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். அப்புறம் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு தாம்பரம் ரயில் நிலையம் வரை ஒரு சுற்று.

வண்டி எங்கள் பேரில் இருந்தாலும் அது தெருவுக்கே சொந்தம். ராத்திரி பிரசவ வலி என்றால் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான். ஒரு முறை, தாத்தா ஒருவரின் அஸ்தியை மகாபலிபுரம் கடலில் கரைக்கவும் அதில்தான் போனார்கள். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் அப்பா வாங்கிக்கொள்வார், அதில் கூச்சப்பட மாட்டார். கூடக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான், 1983-இல், பத்தொன்பது வயதில். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று உறவில் சிலர் கேட்டார்கள். அப்பா பதில் சொல்லவில்லை, மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுப்பிவிட்டார். அம்பாசடர், பியட் மாதிரி ஸ்டீரிங் பக்கத்தில் இல்லாமல் ஹெரால்டின் கியர் தரையில் இருக்கும். வண்டி உருளும்போதே கியர் பற்கள் சத்தமில்லாமல் சேர உதவும் சின்க்ரோ முதல் கியரில் கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும். உருண்டுகொண்டிருக்கும்போது போட்டால் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் வாரம் அந்தச் சத்தம்தான். "அவசரம் இல்லைம்மா. நிக்கட்டும். நின்ன பிறகு போடு" என்பார். ஒரு முறைகூடக் கோபப்படவில்லை. எட்டாம் நாள் முடிச்சூர் சாலையில் தனியாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். அப்பா கதவைத் திறந்துவிட்டு, "இறங்குங்க டிரைவர்" என்றார்.

அந்த வருடக் கடைசியில்தான் மாருதி 800 வந்தது. கொஞ்ச நாளில் தெருவுக்கு ஒன்று என்றாகிவிட்டது. ஏசி வைத்தது, சத்தம் இல்லாதது, சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடுவது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, என் மகன் அதில்தான் வளர்ந்தான். அவனுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு மடல் இருக்கும்.

1988-க்குப் பிறகு ஹெரால்டுக்குப் பாகம் கிடைப்பது சிரமமாகிவிட்டது. புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் அப்பா வாரம் ஒரு முறை போய் வருவார். 1992-இல் மூட்டுவலி வந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் வண்டியைக் கொடுத்துவிட்டார். காயலான் கடைக்குக் கூடவே நானும் போனேன். போல்ட் போட்டு முடுக்கிய வண்டி என்று சொன்னேன் அல்லவா, அதனால் பிரிப்பதும் சுலபமாக இருந்தது. அரை மணி நேரத்தில் பானெட் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். அப்பா பார்க்காமல் வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். தடுத்திருக்கலாமோ என்று இன்றுவரை மனதில் ஒரு முள் இருக்கிறது. அதனால்தான் சேலையூர் வண்டியைக் கண்டதும் உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பிறகு 50 வருடம் ஆகி, அசல் உருவம் மாறாமல் இருந்தால் அதை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. நல்ல விதிதான். சேலையூர் வண்டிக்கும் வயது ஆகிவிட்டது. ஆனால் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர லட்சங்கள் வேண்டும், அந்தக் குடும்பத்துக்கு அது முடியாது. 15 வருடம் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் ரூ.600-இலிருந்து ரூ.5,000 ஆனது. புகையும் பாதுகாப்பும் முக்கியம், சாலைக்கு அந்த விதிகள் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அருங்காட்சியகத்துக்குள் நிற்கும் வண்டிக்கு எண்ணும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம், எஞ்சின் ஓடவும் வேண்டாம். ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸை யாராவது காப்பாற்றிவிடுகிறார்கள். ரயிலுக்குப் பெரம்பூரில் அருங்காட்சியகம் இருக்கிறது. கோவையில் ஜி.டி. நாயுடு பேரில் உள்ள அறக்கட்டளை 2015-இல் ஒரு கார் அருங்காட்சியகமே திறந்துவிட்டது, போய்ப் பார்த்து மனம் நிறைந்து வந்தேன். குமாஸ்தாவும் வாத்தியாரும் வளையல் விற்று வாங்கிய வண்டியை, அது பிறந்த ஊரின் அரசு அருங்காட்சியகம் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

ஒரு வேண்டுகோள் கூடவே உண்டு. எடுத்துக்கொண்டால் அதற்குப் புது பெயிண்ட் அடிக்க வேண்டாம். அந்த வண்டியின் பின்சீட்டில் ரெக்ஸின் கிழிந்த இடத்தில் யாரோ கெட்டி நூலால் தையல் போட்டிருக்கிறார்கள், புடவைக்கு ஓரம் அடிக்கிற தையல். டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் பாதி உரிந்து இருக்கிறது. கதவுக் கைப்பிடியில் பித்தளை தெரியத் தேய்ந்திருக்கிறது. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். துரு மேலும் பரவாமல் நிறுத்தினால் போதும். செப்புத் திருமேனிகளின் பச்சைக் களிம்பை நீக்கிப் பாதுகாக்கத் தெரிந்த வேதியியல் பிரிவு உங்களிடமே இருக்கிறது. தகரத்தின் துரு அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் பெருங்களத்தூரிலும் ஊரப்பாக்கத்திலும் இன்னும் இருக்கிறார்கள். எனக்கே இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் கதவு பூட்டும் பிரிவில் இருந்தவர். கதவைச் சாத்தும்போது வரும் சத்தத்தை வைத்தே கீல் சரியாக உட்கார்ந்ததா என்று சொல்வாராம். அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வண்டியோடு வையுங்கள். எல்லோருக்கும் எழுபத்தைந்து, எண்பது வயது. இதைத் தள்ளிப்போட முடியாது.

என்னிடம் தருவதற்கும் ஒன்று இருக்கிறது. அப்பா 1974 முதல் 1992 வரை எழுதிய கணக்கு நோட்டு. நாற்பது பக்க நோட்டுகள், ஆறு. பெட்ரோல் எத்தனை லிட்டர், எத்தனை மைல், ஃபேன் பெல்ட் மாற்றியது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது என்று நீல மையில் எழுதியிருப்பார். இடையிடையே வேறு வரிகளும் இருக்கும். "பாட்டிக்குக் கண் ஆபரேஷன். எழும்பூர் 2 தடவை." "பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை. 3 கிலோ. ஆஸ்பத்திரி போக வர 11 மைல்." 1983-இல் ஒரு பக்கத்தில், "இன்று வண்டியைக் குழந்தை ஓட்டினாள்." அவ்வளவுதான் இருக்கும். பெட்ரோல் கணக்குக்கூட அன்றைக்கு எழுதவில்லை.

அந்த நோட்டுகளும், எங்கள் வண்டியின் சாவியும், ஆர்.சி. புத்தகமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மூன்றையும் தந்துவிடுகிறேன். சேலையூர்ப் பெரியவரிடமும் பேசிவிட்டேன், தை வரைக்கும் வண்டியை யாரிடமும் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெரியும். மற்ற எந்த நாள் வரச் சொன்னாலும், காலை மின்சார ரயிலில் நோட்டுகளோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வண்டலூர்க் கார் ஒன்றில் வளர்ந்தவள்,
தாம்பரம்